பூவரசும் பொப்லரும்

ஆனி மாதத்திலே குறிகட்டுவான் இறங்குதுறையைக் கண்டவர் அதனை எளிதில் மறவார். புங்குடுதீவின் மேற்குக் கோடியில், வீதி முடிந்து கடல் தொடங்கும் அவ்விடத்தே, நயினை நாகபூஷணி அம்பாளின் திருவிழாவுக்குச் செல்லும் அடியார்கள் திரள்திரளாக நிற்பர். நெடுந்தீவுப் பயணிகள் தத்தம் பொதிகளோடு ஒருபுறம் நிற்பர். சோளகக் காற்று ஓயாது வீசும். அலை எழுந்து துறைச் சுவரை மோதும். வள்ளம் வருங்காறும் காத்திருத்தலன்றி அங்கே செய்தற்கு வேறொன்றுமில்லை. அவ்வாறு காத்திருக்கையில் பழைய மாணாக்கரைக் காண்பதுண்டு. பழைய பிழையைக் காண்பதும் உண்டு. சென்ற ஆனியில் எனக்கு அவ்விரண்டும் ஒரே முற்பகலில் நேர்ந்தன.

வீதியோரத்தில் ஒரு பூவரசின் நிழலில் நின்றேன். யாரோ ஒருவர் தம் வளவுக்கு வேலிக் கதியாலாக நாட்டிய தடி அது. 1990களின் தொடக்கத்தில் போரினால் இத்தீவுகளின் மக்கள் பெரும்பாலும் இடம்பெயர்ந்தனர். குழை வெட்டுவாரும் வேலி அடைப்பாரும் இலராகவே, அக்கதியால் தன்போக்கில் வளர்ந்து பெருமரமாயிற்று. இத்தகைய மரங்களைத் தீவகத்தில் இன்றும் பல வெற்று வளவுகளின் எல்லையிலே காணலாம்.

"ஐயா, என்னைத் தெரியுதோ?" என்று ஒரு குரல் கேட்டுத் திரும்பினேன். யான் ஆசிரியத் தொழிலிற் புகுந்த புதிதில், தீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்கள் பாடசாலையிற் சேர்ந்த பிள்ளைகளுள் ஒருத்தி. இப்போது கனடாவின் ரொறன்ரோ நகரில் வாழ்கிறாள். அருகே பத்து வயது மதிக்கத்தக்க மகள் நின்றாள். சிறுமியின் கண் எங்கள் தலைக்கு மேலே ஆடிய இலைகளின்மீது இருந்தது.

"அம்மா, எங்கட வீட்டுக்குப் பின்னால நிக்கிற மரம்!" என்றாள். தன் கைப்பையிலிருந்த குறிப்பேட்டைத் திறந்து, அதனுள் வைத்து உலர்த்திய இலையொன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். அதன் அடியிலே ஆங்கிலத்திற் 'பொப்லர்' என்றும், தமிழிற் 'பூவரசு' என்றும் எழுதியிருந்தாள்.

தாய் முகம் மலர்ந்து, "ஐயாதானே எங்களுக்குப் படிப்பிச்சது, பொப்லர் எண்டால் பூவரசு எண்டு. நான் அங்க போய் அந்த மரத்தைக் கண்டோண்ண பிள்ளைக்கும் அப்படியே சொல்லிக் குடுத்தனான்" என்றாள்.

யான் வாய்திறவாது நின்றேன். அந்த வகுப்பு நினைவுக்கு வந்தது. மொழிபெயர்ப்புக் கதையொன்றிற் பொப்லர் மரம் வந்தது. அஃது என்ன மரம் என்று பிள்ளைகள் வினவினர். மறுநாள் ஒரு தாவர நூலைப் புரட்டினேன். பூவரசுக்கு நேரே 'தெசுப்பீசியா பொப்புல்னியா' என்னும் இலத்தீன் பெயர் இருந்தது. பொப்புல்னியாவும் பொப்லரும் ஒலியால் ஒத்தமையின், இரண்டும் ஒன்றே என்று துணிந்து கூறிவிட்டேன். ஒரு சொல்லின் ஒலியைக் கண்டேன், மரத்தைக் கண்டேனல்லேன். அப்பிழை முப்பதாண்டு கழிந்து கடல் கடந்து சென்று, ஒரு சிறுமியின் ஏட்டிலிருந்து என்னையே வந்தடைந்தது.

இரண்டு இலைகள்

பூவரசின் இலையொன்றைக் கொய்து, சிறுமி தந்த இலையருகே வைத்து நோக்கினேன். தொலைவில் நோக்குவார்க்கு இரண்டும் ஓரினம் போலவே தோன்றும். இரண்டும் அகன்றவை, நுனி கூர்ந்தவை, நீண்ட காம்புடையவை, காற்றில் ஆடுபவை. அண்மையில் நோக்கினால் ஒற்றுமை குறைந்துகொண்டே செல்லும்.

முதலாவது, விளிம்பு. பூவரசின் இலை விளிம்பிற் பல் ஒன்றேனும் இல்லை, கத்தரித்தாற்போல் வழுவழுப்பானது. சிறுமியின் இலை விளிம்பு நெடுகிலும் மழுங்கிய பற்கள் வரிசையாய் இருந்தன. இரண்டாவது, அடிப்பாகம். பூவரசின் இலை காம்பைச் சேருமிடத்தில் உட்குழிந்து இதய வடிவாகும். மற்றையது ஏறக்குறைய நேர்கோடாய் நின்று, முக்கோணம் போல் தோற்றியது.

மூன்றாவது காம்பு. பூவரசின் காம்பு உருண்டது. விரலிடை வைத்து உருட்டினால் உருளும். மற்றையது தட்டையானது. ஏட்டினுள் அழுந்தியமையாற் தட்டையாயிற்றோ என ஐயுற்றேன். ஆயின் அக்காம்பு இலையைச் சேருமிடத்திலே திருகிக்கொண்டு கிடந்தது. இலைப்பரப்பு ஒரு தளத்திலும் காம்பின் தட்டை அதற்குக் குறுக்கான தளத்திலும் அமைந்திருந்தாலன்றி அத்திருகல் நேராது. பொப்லர் குலத்துட் பலவற்றுக்கு இதுவே சிறந்த அடையாளம். நாடாவைக் குத்தாகப் பிடித்தாற்போன்ற அக்காம்பு பக்கவாட்டில் மிக எளிதாக வளையும். ஆதலின் மெல்லிய காற்றுக்கும் இலை இடைவிடாது துடிக்கும். பூவரசின் இலையோ சோளகம் போன்ற வன்காற்றிலேதான் அங்ஙனம் ஆடும். அன்று குறிகட்டுவானில் அத்தகைய காற்று வீசியமையாலேயே சிறுமி மயங்கினாள்.

"காத்து இல்லாட்டியும் இந்த மரம் ஆடுமோ, பிள்ளை?" என்று கேட்டேன்.

"ஓம் தாத்தா, எப்பவும் மினுங்கிக்கொண்டே நிக்கும். ஜூன் மாதம் பஞ்சு கொட்டும். வீதியெல்லாம் வெள்ளையாய்க் கிடக்கும்" என்றாள்.

பஞ்சு என்றதும் ஐயம் முற்றும் நீங்கிற்று. வட அமெரிக்காவின் கீழைப்பகுதிகளில் ஆற்றோரங்களிலும் நகரங்களிலும் வளரும் முக்கோண இலைப் பொப்லர் அது. பொப்புலசு தெல்தோயிதெசு என்பது அதன் இலத்தீன் பெயர். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் உழவர் ஒட்டுப்பலகைக்காக வயலோரங்களிற் பயிரிடுவதும் இம்மரமே.

பொப்லர் குலம்

பொப்லர் என்பது ஒரு மரத்தின் பெயரன்று; ஒரு குலத்தின் பெயர். வடகோளத்தின் குளிர்நாடுகளிலும் மிதவெப்ப நாடுகளிலும் ஏறக்குறைய 30 இனங்கள் அக்குலத்தில் உள்ளன. ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறு மரங்களிலே தோன்றும். இலை தளிர்க்குமுன் பூக்கள் தொங்கும் கதிர்களாக வரும். விதைகள் பஞ்சு பூண்டு காற்றிற் பறக்கும். பெண்மரமே பஞ்சு தரும்.

இலையின் அடிப்புறம் வெண்பஞ்சு பூசினாற்போல் இருந்தால் அது வெண்பொப்லர். இலை ஏறக்குறைய வட்டமாய், எப்போதும் நடுங்கிக்கொண்டிருப்பின் அது நடுங்கு பொப்லர். முக்கோணமாகவோ சாய்சதுரமாகவோ இருப்பின் கரும்பொப்லர் வகையினது. மொட்டைத் தொட்டால் விரலில் ஒட்டும் மணமுள்ள பிசின் மிகுதியாய் இருப்பின், அது நறும்பிசின் பொப்லர். இவ்வகையின் காம்பு பெரும்பாலும் தட்டையாய் இராது. இலம்பாடிப் பொப்லர் என்பது கரும்பொப்லரின் ஒரு வடிவம்; கிளைகளெல்லாம் தண்டோடு ஒட்டி மேல்நோக்கி எழ, தூண் போல் நிற்கும். இத்தாலியின் வடபகுதியிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவெங்கும் பரவியது. அது விதையாற் பரவவில்லை. நம் கதியால்களைப் போலத் தடிநட்டே பரப்பப்பட்டது.

இத்தூண் வடிவத்தைக் கண்டு, நம் வீதியோரங்களில் நிற்கும் நெட்டிலிங்கத்தைப் பொப்லர் என மயங்குவாரும் உளர். நெட்டிலிங்கம் சீத்தாவின் உறவு. அதனைப் பலர் அசோகு என்றும் அழைக்கின்றனர்; செம்பூங்கொத்துடைய உண்மை அசோகு வேறு. ஒரு மரத்துக்கு இரண்டு பிழைப்பெயர்!

ஒப்புமையாற் பிறந்த பெயர்கள்

அங்ஙனமாயின் பூவரசுக்குப் பொப்புல்னியா என்னும் பெயர் வந்தது எங்ஙனம்? 1753இல் சுவீடன் நாட்டு லின்னேயசு தமது தாவர நூலிலே பூவரசைச் செம்பரத்தைக் குலத்திற் சேர்த்து, இலையின் தோற்றம் கருதிப் 'பொப்லர் போன்ற' என்னும் அடைமொழி தந்தார். 'பொப்லர்' என்றாரல்லர், 'பொப்லர் போன்ற' என்றார். உவமையைப் பொருளென்று கொண்டது என் பிழை. இலக்கணம் கற்பிப்பவன் உவமவுருபைக் காணத் தவறினேன்!

'தெசுப்பீசியா' என்னும் முற்பெயரும் பொருளுடையது. கப்பித்தான் குக்கின் முதற் கடற்பயணத்தில், 1769இல், தாகித்தித் தீவை அடைந்த சொலாண்டர் என்னும் தாவர அறிஞர், இம்மரம் அங்குள்ளோரின் வழிபாட்டிடங்களில் நிற்பதைக் கண்டார். ஆதலின் 'தெய்வத்தன்மையது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் இதற்குப் பெயரிட்டார். அப்பெயர் 1807இல் அச்சேறியது. பூவரசின் காய் கடலில் மிதந்து சென்று கரைசேர்ந்து முளைக்க வல்லது. ஆதலினாலேயே குறிகட்டுவான் மரத்துக்குத் தாகித்தியிலும் சுற்றம் உண்டு.

நம் முன்னோரும் லின்னேயசு செய்ததையே செய்தனர். பூவரசு என்னும் பெயரை நோக்குக: பூக்கும் அரசு. அரசின் பூக்கள் காய்க்குள்ளே மறைந்து கிடப்பன, கண்ணுக்குப் புலனாகா. இலையால் அரசை ஒத்து, பூவைப் புறத்தே காட்டுதலின் இது பூவரசாயிற்று. அரசுக்கும் இதற்கும் குலவுறவு இல்லை. அரசின் இலையைக் கிள்ளினாற் பால் வடியும். பூவரசிற் பால் இல்லை. அரசிலையின் நுனி வால் போல் நீளும். பூவரசின் நுனி அங்ஙனம் நீளாது. நம்மவர் பூவரசை அரசோடு ஒப்பிட்டனர். ஐரோப்பியர் பொப்லரோடு ஒப்பிட்டனர். அவரவர் ஊரில் ஆடிய இலையை அவரவர் நினைந்தனர். அரசுக்கு வடமொழியிற் 'சலதலம்', அதாவது அசையும் இலையது, என்றொரு பெயர் வழங்குவதும், லின்னேயசு நடுங்கு பொப்லருக்கு 'நடுங்குவது' என்றே பெயரிட்டதும் ஒப்புநோக்கத்தக்கன. ஆங்கிலத்தில் இம்மரத்தைப் 'போர்சியா' என்பர். அது சேக்குசுபியரின் நாடகத் தலைவியின் பெயரன்று. பூவரசு என்னும் நம் சொல்லே அந்நாவில் அங்ஙனம் திரிந்தது.

அறிஞரும் பெயரில் இடறியதுண்டு. விவிலியத்தின் 137ஆம் சங்கீதத்திலே பாபிலோன் ஆற்றோரத்து மரங்கள் வருகின்றன; சிறைப்பட்டோர் தம் யாழ்களை அவற்றிலே தூக்கி வைத்தனர். அம்மரம் இதுவே எனக் கருதி, லின்னேயசு தொங்குகிளை அலரிக்குப் 'பாபிலோனியது' எனப் பெயரிட்டார். அம்மரமோ சீன நாட்டது. சங்கீதத்தில் வருவது யூபிரத்தீசுப் பொப்லராகலாம் என்பது இன்றைய அறிஞர் பலரின் கருத்து. அப்பொப்லரின் இளங்கிளை இலைகள் ஒடுங்கி நீண்டும், முதிர்கிளை இலைகள் அகன்றும் இருத்தலின் மயக்கம் நேர்தல் இயல்பே. 1871இல் வெளிவந்து இன்றும் தமிழ்க் கிறித்தவர் ஓதிவரும் பழைய திருப்புதலில் அவ்விடத்து 'அலரி' என்னும் சொல் நிற்கிறது. ஆதியாகமத்தின் 30ஆம் அதிகாரத்தில் யாக்கோபு வெட்டிய கொப்புகளுள் ஒன்றை ஆங்கிலத்தார் பொப்லர் என்றனர். தமிழ் செய்தோர் புன்னை என்றனர். காணாத மரத்தைக் கண்ட மரத்தாற் கூறுதல் மொழிபெயர்ப்போர்க்கு இன்றியமையாதது. அதனைக் குறைகூறேன். ஆயினும் கற்பிப்போன் 'இஃது ஒப்புமைப் பெயர்' என்று ஒரு சொற் சேர்த்தல் வேண்டும். அச்சொல்லையே யான் சேர்த்தேனல்லேன்.

உண்மை உறவினர்

பூவரசின் உறவினர் யாவர்? பூவை விரித்து நோக்கினால் விடை கிடைக்கும். காலையில் வெளிர்மஞ்சளாய், நடுவே செங்கருமை பூண்டு மலரும் அது, மாலையிற் சிவந்து வாடும். நடுவே மகரந்தத் தாள்கள் யாவும் ஒன்றிணைந்து குழாயாகி நிற்கும். நம் முற்றத்துச் செவ்வரத்தையிலும் இக்குழாயே நீண்டு வெளியே தோன்றுகிறது. வெண்டியிலும் பருத்தியிலும் துத்தியிலும் இதனையே காண்கிறோம். இவையெல்லாம் ஒரு குடும்பம். அவற்றுள்ளும் பருத்தி பூவரசுக்கு மிக நெருங்கிய சுற்றம். பஞ்சு கொட்டும் பொப்லர் பருத்திக்கு உறவன்று; பஞ்சு தராத பூவரசே பருத்திக்கு உறவு.

1998 முதலாக மரபணு ஆராய்ச்சியைத் துணைக்கொண்டு வெளிவந்துவரும் வகைப்பாடு இக்குடும்பத்தை மேலும் விரித்துள்ளது. இலவும் முள்நாறியும் இன்று இதனுள் அடங்கும். பருத்த அடியோடு நெடுந்தீவில் நிற்கும் பெருக்கமரமும் இக்குடும்பத்ததே. குறிகட்டுவானில் நிற்கும் பூவரசும், அங்கிருந்து வள்ளமேறிச் சென்று காண்கின்ற ஆபிரிக்கப் பெருக்கமரமும் ஒரு குடும்பத்தின என்றால், தோற்றத்தை மட்டும் நம்புவோர் நம்புவரோ?

பொப்லருக்கு நம் நாட்டில் உறவே இல்லையோ எனின், உண்டு. தமிழ்நாட்டு மலைகளில் ஓடைக்கரைகளில் வளரும் ஆற்றுப்பாலை அதன் குடும்பத்தது. இலங்கையிற் பிள்ளைகள் உப்பும் தூளும் இட்டுத் தின்னும் புளிப்பான லோவிப் பழத்து மரமும், சிங்களத்தில் உகுரெஸ்ஸ எனவும் தமிழ்நாட்டிற் சொத்தைக்களா எனவும் வழங்கும் முட்செடியும் புதிய வகைப்பாட்டின்படி அக்குடும்பத்தனவே. பொப்லர் போன்ற பூவரசு பொப்லருக்கு அயல். பொப்லரைச் சிறிதும் ஒவ்வாத லோவி அதற்குச் சுற்றம்!

சொல்ல வேண்டிய சொல்

இவற்றையெல்லாம் துறையில் நின்று முழுதும் விரித்துரைக்க இயலவில்லை. வள்ளம் தொலைவிலே தெரிந்தது. உண்மையைச் சொல்வதா, விடுவதா என்று மனம் சற்றே தயங்கிற்று. திருவிழாவுக்கு வந்தவள், மகிழ்ந்து நின்றவள். ஆயினும் சிறுமியின் ஏட்டில் என் பிழை எழுத்தாக இருந்தது.

"நான் உமக்குப் பிழையாய்ச் சொல்லிப்போட்டன், பிள்ளை. பொப்லர் வேற, பூவரசு வேற" என்றேன். காம்பையும் விளிம்பையும் காட்டினேன். பூவைப் பிரித்துக் காட்டினேன். சிறுமி ஆவலோடு கேட்டு, இரண்டு காம்புகளையும் விரலிடை உருட்டிப் பார்த்தாள். தாய் பேசவில்லை. சற்றுக் கழிந்து, "இருபது வருசமா அந்த மரத்தைப் பாத்துத்தான் ஐயா இருந்தனான். எங்கட வேலிப் பூவரசு எண்டுதான் நினைச்சிருந்தன்" என்றாள்.

அதற்கு என்ன விடை கூறுவது? பனி நாட்டிற் புதிதாய்ச் சென்று நின்ற ஒருத்திக்கு என் பிழை ஒரு துணையாய் இருந்திருக்கிறது. அத்துணையை நானே இப்போது பறித்தேன்.

அவ்வேளை நற்றிணையின் 172ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. மணலிற் புதைத்து மறந்த விதை முளைக்க, அதனைப் பாலும் நெய்யும் வார்த்து வளர்த்தமையால், புன்னை மரம் உடன்பிறந்தாள் ஆகிவிடுகிறது. அதன் நிழலில் நகையாடவும் தலைவி நாணுகிறாள். அவ்வுறவு இலையின் ஒப்புமையால் வந்ததன்று, குலத்தால் வந்ததுமன்று, உடன்வாழ்ந்தமையால் வந்தது. அப்பாட்டின் பொருளை அவளுக்குச் சொன்னேன். "இருபது வருசம் பாத்த மரம் உம்மடை மரந்தான். பெயரைமட்டும் சரியாச் சொல்லும். அதுவும் பூவரசு மாதிரித் தடி நட்டாத் தழைக்கும்" என்றேன்.

அவள் மேலே நிமிர்ந்து பூவரசை நோக்கினாள். "தடி நட்டாத் தழைக்குமெண்டால் காணும் ஐயா" என்றாள். பின்பு பழுத்த இலையை நீக்கிப் பச்சையிலையொன்றைத் தெரிந்து கொய்து, சுருட்டி, நுனியை நசுக்கிப் பீப்பீ செய்து ஊதினாள். சிறுமி கைகொட்டிச் சிரித்தாள். தன் ஏட்டை எடுத்துப் 'பூவரசு' என்பதனைக் கோடிட்டு நீக்கி, புதிய பக்கத்தில் அப்பெயரை மீண்டும் எழுதி, அதன் கீழே நான் கொய்த இலையை வைத்து மூடினாள். வள்ளம் வந்தது, அவர்கள் ஏறிச் சென்றனர்.

நிற்க. இதனை எழுதுவது என் பிழையைப் பறைசாற்றுவதற்கன்று. ஆசிரியத் தோழர்க்கும் மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள் உளது. நம் பழைய உரைகளிற் பல மரங்களுக்கு 'ஒருவகை மரம்' என்பதே பொருளாக எழுதப்பட்டுள்ளது. வகுப்பில் நாமும் அதனையே வழிமொழிகிறோம். அல்லது என்னைப் போல ஒலியொப்புமை கண்டு வேறொரு பெயரைத் துணிந்து கூறுகிறோம். முன்னது பிள்ளைக்கு ஒன்றும் தருவதில்லை. பின்னது பொய்யைத் தருகிறது. இயன்றவிடத்து மரத்தினடிக்கே பிள்ளைகளை அழைத்துச் செல்வோம். இலையின் விளிம்பு எத்தன்மையது, காம்பு உருண்டதோ தட்டையோ, கிள்ளினாற் பால் வருமோ, பூவின் உள்ளமைப்பு யாது என்னும் நான்கு வினாக்களை அவர்களே வினவி விடை காணட்டும். மரம் அருகில் இல்லையாயின், இல்லை என்றே சொல்வோம்.

இம்முறை பாடசாலை தொடங்கிய மறுநாள், என் வகுப்பாரை வேலியோரம் அழைத்துச் சென்றேன். பூவரசும் செவ்வரத்தையும் அருகருகே நின்றன. இரண்டின் பூக்களையும் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். பிள்ளைகளுள் ஒருவன் நிமிர்ந்து, "ஐயா, இது ரெண்டும் சொந்தக்காரரோ?" என்றான். அவ்வினாவை நான் கற்பிக்கவில்லை.